கரடிப்பள்ளத்து யானைத்தடம்

12-8-1957, திங்கள். போடி

மலையில் ஒன்பது நாள் மழை. இறங்கி வந்து காலைக் கழுவினால் இரண்டு காலிலுமாக அட்டை கடித்த இடம் முப்பத்தொன்று. சுருளியம்மாள்தான் எண்ணினாள். எண்ணிவிட்டு, சர்வேயர் உத்தியோகத்துக்குப் போனதற்குப் பதில் அட்டை வளர்த்திருக்கலாம் என்றாள். என் பெண்டாட்டி சொல்வதில் எப்போதும் பாதி உண்மை இருக்கும். அதனால்தான் கோபம் வருகிறது.

ரேஞ்சர் புதுக் காகிதம் ஒன்று கொடுத்தார். ராசிங்காபுரத்துக்கும் தேவாரத்துக்கும் மேலே இருக்கிற கரடிப்பள்ளச் சோலை, ஏறக்குறைய முன்னூற்று நாற்பது ஏக்கர், ஏலத்தோட்டம் போடக் குத்தகைக்குப் போகிறது. கேட்பவர்கள் மேல் எஸ்டேட்டுக்காரர்கள். டிசம்பருக்குள் நான் எல்லை அளந்து படம் போட்டுத் தர வேண்டும். கூடவே தேவாரத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் அறுபது பேர் கைநாட்டு வைத்த மனுவும் காகிதக் கட்டில் இருக்கிறது. சோலை இருப்பதால் யானை தங்குகிறது, தங்குவதால் வெள்ளாமையை அழிக்கிறது, அதனால் சோலையை அழித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

எஸ்டேட்டுக்கும் அது காடாக வேண்டாம், ஊருக்கும் வேண்டாம். நடுவில் நான் யார்? அளந்து கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

20-8-57. கரடிப்பள்ளம், கூடாரம்

முதல் நாளே சண்டை. மலைச்சரிவில் நூறு கண்ணி அளவுச் சங்கிலியைத் தரையோடு போட்டு இழுத்தால் நீளம் கூடுதலாகக் காட்டும், மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று வீரணனிடம் ஆறு வருடமாகச் சொல்லி வருகிறேன். சங்கிலி பிடிக்கிற அவனுக்கு முதுகு வலிக்கிறதாம். எனக்குத் தொண்டை வலிக்கிறது.

பதினாலாவது முளை அடிக்கிற இடத்தில் யானைத்தடம் குறுக்கிட்டது. மரங்களில் என் தலைக்கு இரண்டு முழம் மேலே சேறு அப்பியிருக்கிறது, உடம்பைத் தேய்த்துவிட்டுப் போன சேறு. தடம் மூன்று முழ அகலம். நடந்து நடந்து தரை இறுகிக் கிடக்கிறது. ஒரு ஆசைக்குச் சாய்வு பார்க்கிற கருவியை எடுத்துப் பிடித்தேன். நூறடிக்கு எட்டடி ஏற்றம். அடுத்த வளைவிலும் எட்டு. அதற்கடுத்து ஒன்பது. பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் போகிறதே தவிர எங்கேயும் மூச்சு முட்ட ஏறவில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு மரவண்டிக்குப் போட்ட கூப்புரோட்டில் நூறடிக்குப் பதினாலு ஏறும் இடம் உண்டு. வண்டிக்காரர்கள் அங்கே வந்ததும் என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள் என்று கேள்வி.

இன்றைக்கு எனக்கு அந்த மிருகத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. தொழில் மரியாதை.

காகிதத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. "வனவிலங்கு நடமாட்டம் இருந்தால் படத்தில் குறிக்கவும்." எனக்கு முன்னால் இருந்த சர்வேயர்கள் எந்தக் காட்டுக்கும் "இல்லை" என்றே எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். இங்கே எப்படி எழுதுவேன்? பதினாலாவது முளையைச் சாணியில் அல்லவா அடித்தேன்.

27-8-57. கூடாரம்

சுனை மூன்று. மூங்கில் புதர் பதினொன்று. கருமந்திக் கூட்டம் இரண்டு. மிளா மான் தண்ணீர் குடிக்கிற இடம் ஒன்று. இருவாச்சி கூடு வைத்த மரம் ஒன்று, பொந்தைச் சேற்றால் பூசி அடைத்திருக்கிறது, கீழே எச்சமும் பழக்கொட்டையும் குவிந்து கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் இலாகாவில் குறி கிடையாது. கோயிலுக்கு இருக்கிறது, கள்ளுக்கடைக்கு இருக்கிறது. நானே குறி போட்டுக்கொண்டேன். மிளாவுக்குக் கொம்பு வரைந்தால் வீரணன் ஆடா என்று கேட்கிறான்.

2-9-57, திங்கள். போடி

ரேஞ்சரிடம் காட்டினேன். நல்ல மனிதர், ஆனால் காகித மனிதர். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் மரத்தை முழுக்க வெட்ட மாட்டார்கள் என்றார். நான் விடவில்லை. அடிக்காட்டை வழித்து, மூங்கிலைக் கொளுத்தி, சுனையில் குழாய் வைத்து, நாலு பக்கமும் ஆள் புழங்கின பிறகு அதற்குப் பெயர் சோலையா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சாணி பார்த்தேன் என்று எழுதினால் மேலே சிரிப்பார்கள், எத்தனை முறை வந்தது, எந்த வழியாக வந்தது, அதைக் காட்டு என்றார். நியாயம்தான். ஆனால் நான் ஒருவன், காடு முன்னூற்று நாற்பது ஏக்கர். யானை என் வேலை நேரம் பார்த்தா வரும்?

5-9-57. கூடாரம்

வழி கிடைத்துவிட்டது. மேல் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிற பெண்கள் நாற்பது பேர் தினமும் விடிந்ததும் சோலையின் ஓரமாகவும் ஊடாகவும் நடந்துதான் தோட்டத்துக்குப் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒன்றும் நடக்காது. அவர்களில் மூத்தவள் ஒச்சம்மாள், ஐம்பது வயதிருக்கும், இருபது வருடமாக இந்த வழியில் நடக்கிறவள். புதுச் சாணியோ காலடியோ பார்த்தால் அந்த இடத்தில் ஒரு தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மாதக் கடைசியில் நான் வந்து தழையை எண்ணிக்கொள்வேன். எதற்கு என்று கேட்டாள். இந்தக் காடு நிற்க வேண்டுமா வேண்டாமா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்றேன். சோலை போனால் தங்கள் குடிதண்ணீரும் போகும் என்று அவளே சொன்னாள். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

சுலபமான யோசனை. என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போகிறேன்.

15-9-57

சோலைக்குள் வாகை மேட்டில் மட்டும் தழை இடுப்புயரம். நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். எவ்வளவு யானை!

29-9-57, ஞாயிறு. கூடாரம்

எண்ணி முடித்தேன். வாகை மேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கிருந்து கிழக்கே வரிசையாக நூற்றுப் பத்து, தொண்ணூறு, எண்பத்தாறு. புள்ளிகளைச் சேர்த்தால் அழகான ஒரு கோடு வருகிறது. சிவப்பு மையில் இழுத்தேன். வீரணன்கூட நன்றாக இருக்கிறது என்றான்.

ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. நான் சாய்வு பார்த்த தடத்தில் தழை வெறும் ஒன்பது. யானை வழியை மாற்றிவிட்டது போல.

7-10-57, திங்கள். போடி

எழுதவே கை வரவில்லை.

முசாபரி பங்களாவில் ஜில்லா வன அதிகாரி டி.எப்.ஓ. முன்னால் படத்தை விரித்தேன். ரேஞ்சர், மேல் எஸ்டேட் மேனேஜர், மனுப் போட்ட தேவாரத்துக்காரர்கள் சார்பில் பெரியகருப்பன் என்ற சம்சாரி எல்லோரும் இருந்தார்கள். மேனேஜர் குனிந்து பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். பிறகு சிரித்தார். அது தங்கள் ஆட்கள் காய் நிறுக்கிற கொட்டகைக்கு நடக்கிற பாதை என்றார். "யானையும் காய் நிறுக்க வருதுங்களா, சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேஞ்சரும்தான். பெரியகருப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வை சிரிப்பைவிட மோசம். போன வருடம் அவர் தம்பியின் காலை யானை மிதித்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

படம் நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் ஆள் நடக்கிற படம் என்றார் டி.எப்.ஓ. டிசம்பர் வரை கெடு இருக்கிறது, அதற்குமேல் கிடையாது என்று எழுந்துவிட்டார்.

என்ன எழவுடா இது. பதினஞ்சு வருசச் சர்வீசு. ஒத்தையடிப் பாதையை ஆனைத்தடம்னு கோடு போட்டுக் குடுத்திருக்கேன். சோறு எறங்கல.

8-10-57. கூடாரம்

விடிந்ததும் ஏறினேன். ஏறும்போதே அந்தப் பெண்களைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். ஒச்சம்மாளை வாகை மேட்டில் மறித்து, பொய்த் தழை போட்டது யார் என்று கத்தினேன்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். பொய்யே இல்லை என்றாள். முதல் தழை தான் போட்டது, அன்றைக்கு யானை வந்தது நிஜம். பின்னால் வந்தவர்கள் தழை கிடப்பதைப் பார்த்தார்கள். அவர்களும் ஆளுக்கொன்று ஒடித்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளும் போட்டார்கள். சுமைக்காரன், கங்காணி, போடிக்குப் போகிற குதிரைக்காரன் யாரும் விடவில்லை.

"காட்டுல தழை கெடந்தா சாமின்னு அர்த்தம். அதைத் தாண்டி வெறுங்கையா எப்படிய்யா போறது? நீங்க போவீகளா?"

நான் ராசிங்காபுரத்தில் பிறந்தவன். கணவாய் ஏறும்போது தழைக்குவியலைப் பார்த்தால் ஒரு கொப்பை ஒடித்துப் போடாமல் தாண்டினதில்லை, கை தன்னாலே செய்யும். செப்டம்பர் பதினைந்தாம் தேதி இதே மேட்டில் நின்று கும்பிட்டேன் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். கும்பிடுவதற்கு முன்னால் கை சும்மாவா இருந்திருக்கும்? இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என்னுடையது. போட்டவனும் நான், எண்ணினவனும் நான்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஒச்சம்மாளும் சிரித்தாள். அரை நாழிகை இரண்டு பேரும் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தோம். வீரணன் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்திருப்பான்.

வழியையும் அவளே சொன்னாள். "மண்ணுல போட்டா ஊருக்கே பொது. மடியில வச்சா அவுகவுக சொத்து. ஒரு கயிறு குடுங்க, முடிச்சுப் போட்டு வச்சுக்கிடுறோம்."

13-10-57, ஞாயிறு. போடி

சோலையை ஏழு துண்டாகப் பிரித்தேன். பிரித்தேன் என்ன, அவர்கள் ஏற்கெனவே பிரித்துப் பெயரும் வைத்திருக்கிறார்கள். வாகை மேடு, ஈத்தைப் பள்ளம், மேலச்சுனை, இப்படி. துண்டுக்கு ஒருத்தி, காலையில் முதல் ஆளாக நடக்கிறவள். அவள் வெற்றிலைப் பையில் ஒரு நார்க்கயிறு. ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. யானை வந்துபோன அடையாளம் இருந்தால் முடிச்சுக்குள் ஒரு மெல்லிய ஈத்தை மூங்கில் குச்சியைச் செருக வேண்டும். எண்ணின சாணியைக் கிளறிவிட வேண்டும், மறுநாள் ஏமாறாமலிருக்க. வாரம் ஆறு முடிச்சு. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போடிக்கு இறங்கும்போது என் வீட்டில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் புதுக்கயிறு வாங்கிக்கொண்டு போவார்கள்.

சுருளியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஏழு பெண்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றதும் முதலில் முறைத்தாள், பிறகு விசயத்தைக் கேட்டுவிட்டு நார் கிழிக்க உட்கார்ந்துவிட்டாள்.

22-10-57. தீபாவளி

எண்ணெய்க் குளியல். மூன்று பெண்கள் வந்து கயிறு கொடுத்துவிட்டுப் பணியாரம் சாப்பிட்டுப் போனார்கள். ஒரு கயிற்றில் முடிச்சு ஏழு. ஞாயிறும் போய்ப் பார்த்தாளாம். பெயர் மொக்கம்மாள். மேனேஜருக்கு இவளைப் போல ஒரு குமாஸ்தா இருந்தால் எஸ்டேட் எங்கேயோ போயிருக்கும்.

3-11-57, ஞாயிறு. போடி

மூன்று வாரத்துக் கயிறுகளையும் சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டோம். நான் தேதி எழுதிக்கொண்டு வந்தேன். சுருளியம்மாள் தூர நின்று பார்த்தாள். "ஏங்க, அந்த ஓரக் கயிறு மட்டும் முள்ளு மாதிரி நிக்குது பாருங்க" என்றாள்.

ஓரக் கயிறு மேற்கு மூலைக் கயிறு. பதினெட்டு முடிச்சில் பதினொன்றில் குச்சி. வாகை மேட்டில் இரண்டே இரண்டு. சாய்வு பார்த்த என் தடம் நேராக அந்த மேற்கு மூலைக்குத்தான் போகிறது. யானை வழியை மாற்றவே இல்லை, நான்தான் குருடன்.

6-11-57. கூடாரம்

மேற்கு மூலையில் மேல் எஸ்டேட் இரண்டு வருடத்துக்கு முன் வெட்டின அகழி இருக்கிறது. ஆழம் ஏழடி. அதற்கு அந்தப் பக்கம் உப்புமண் பள்ளம். யானைகள் மண் தின்னப் போகிற இடம், காலங்காலமாக. அகழியின் இந்தக் கரையில் ஒரு பர்லாங்கு நீளத்துக்குத் தரை உழுதது போல மிதிபட்டிருக்கிறது. வந்து, நின்று, இங்கும் அங்கும் நடந்து பார்த்திருக்கின்றன. பிறகு எல்லாக் காலடியும் கீழே திரும்புகிறது. கீழே என்றால் தேவாரம்.

அந்தக் காலடிகளில் ஒன்று என் இரண்டு கை அகலம்கூட இல்லை. குட்டி.

அகழியையும் அளந்தேன். இன்று வீரணன் சங்கிலியை மட்டமாகப் பிடித்தான், நான் சொல்லாமலேயே. மூன்று தடவை அளந்தோம். அகழி எஸ்டேட் எல்லையில் இல்லை. காட்டு எல்லைக்குள் மூன்று சங்கிலி, அதாவது இருநூறடி, தள்ளி இருக்கிறது. உப்புமண் பள்ளமும் காட்டு நிலம்தான்.

10-11-57, ஞாயிறு. தேவாரம்

பெரியகருப்பனைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "என் சோளத்தைத் தின்னுட்டு என் தம்பி காலை ஒடிச்ச ஆனைக்கு நீ வீடு கட்டிக் குடுக்கப் போறியாக்கும்" என்றார். நான் எத்தனை நாள் யானை வந்தது, எந்தெந்த நாள் என்று மட்டும் கேட்டேன். கணக்கெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்றார். காவல் முறை எப்படி என்று கேட்டேன். இரண்டு வீடு ஒரு ராத்திரி, வரிசையாக, தவறாமல் என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. யானை வந்த ராத்திரியில் எந்த வீட்டு முறை என்பது எந்தச் சம்சாரிக்கு மறக்கும்?

வீடு வீடாக அழைத்துப் போனார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே. நாங்கள் கயிறு கொடுத்த பிறகு ஒன்பது ராத்திரி வந்திருக்கிறது. ஒன்பதுக்கும் தேதி கிடைத்துவிட்டது. அதற்கு முந்தின வருடங்களைப் பற்றியும் கேட்டேன். எப்போதிருந்து இப்படி என்றால், எல்லோரிடமும் ஒரே பதில்தான், இரண்டு வருடமாக. அதற்கு முன்னால் எப்போதாவது ஒரு ஒற்றை யானை, அவ்வளவே.

11-11-57. போடி

ஒன்பதில் எட்டு! மேற்கு மூலைக் கயிற்றில் குச்சி இருக்கிற காலைக்கு முந்தின ராத்திரிதான் தேவாரத்தில் வந்திருக்கிறது, எட்டு முறையும். ஒன்பதாவது ராத்திரி விடிந்தது ஞாயிற்றுக்கிழமை, முடிச்சே கிடையாது. யானை அகழிக்கு வராத நாளில் ஊருக்கும் வரவில்லை. ஒரு நாள்கூட இல்லை.

மலைமேல் இருக்கிற ஒச்சம்மாளும் கீழே இருக்கிற பெரியகருப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகப் பொருந்துகிறது. கூட்டத்தில் மேனேஜர் சிரித்த சிரிப்பு இன்றைக்குத்தான் என் காதைவிட்டுப் போனது. இரண்டாவது தடவை சோறு போடச் சொன்னேன்.

9-12-57, திங்கள். கூடாரம்

டி.எப்.ஓ. மலைக்கே வந்தார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடத்திலேயே நடந்தார். சாய்வுக் கருவியை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். கூப்புரோட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, நல்ல வேளை. மேற்கு மூலையில் நின்றதும் மேனேஜர் முந்திக்கொண்டு, அகழி எஸ்டேட் பாதுகாப்புக்கு என்றார். நான் பீல்டு புக்கைத் திறந்து மூன்று சங்கிலியைக் காட்டினேன். மேனேஜர் வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் டி.எப்.ஓ. லேசானவர் இல்லை. கணக்கு பொருந்துகிறது, காரணம் இதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். பிறகு அவரே தீர்ப்பும் சொன்னார். தடம் வருகிற இடத்தில் ஐந்து சங்கிலி அகலத்துக்கு அகழியைத் தூர்க்க வேண்டும். சோளம் அறுத்து முடியும் வரை பார்க்கலாம். யானை வழக்கம்போல ஊருக்கு இறங்கினால் சோலை குத்தகைக்குப் போகும், படத்தை நான் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

தேவாரத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. பயிர் நிற்கிறது அவர்களுக்கு. எல்லோரும் பெரியகருப்பனைப் பார்த்தார்கள். அவர் குனிந்து குட்டியின் காலடியில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டு மொறைத் தேதியை எங்கிட்டயே கேட்டு வாங்கின ஆளு நீதான். ஒரு வெள்ளாமை பாக்குறேன். அழிஞ்சுச்சு, பிள்ளைகுட்டியோட ஒன் வீட்டுல வந்து ஒக்காந்துக்கிருவேன்."

வரச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

13-12-57

அகழி தூர்ந்தது. காய் எடுப்பு முடிந்த பெண்கள் பத்துப் பேர் கேட்காமலே வந்து மண் சுமந்தார்கள். தூர்த்த மண்ணில் தண்ணீர் தெளித்து மட்டம் செய்தேன், காலடி நன்றாகப் பதியும்.

20-12-57

வரவில்லை. மேற்கு மூலைக்கும் வரவில்லை, ஊருக்கும் வரவில்லை. எங்கே போய்த் தொலைந்தன?

26-12-57. கூடாரம்

வந்தன. கரை வரை வந்து, புது மண்ணை மோந்து பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கீழே திரும்பிவிட்டன. தேவாரத்தில் ஒரு மூலையில் நாலு பாத்திச் சோளம் போயிற்று. பெரியகருப்பன் ஆள் விட்டிருந்தார். செய்தி வேறொன்றும் இல்லை, நாலு பாத்தி என்று மட்டும்.

பயமா இருக்கு. எனக்காக இல்ல. நம்பி நிக்கிறாரே அந்த மனுசன், அவரு வெள்ளாமையை வச்சு நான் சூதாடிட்டேனா?

ஒச்சம்மாள், மண்ணில் மனித வாடை அடிக்கிறது, அதுதான் என்கிறாள். பழைய யானைச் சாணியை அள்ளிக் கொண்டுவந்து தூர்த்த இடம் முழுக்கப் பரப்பினோம். மேனேஜர் ஜீப்பில் போகும்போது நான் இரண்டு கையாலும் சாணி வாரிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும்.

2-1-58, வியாழன். கூடாரம்

காலை ஆறரை. தூர்த்த மண்ணின் மேல் காலடி. போனது, திரும்பி வந்தது, இரண்டும். நடுவில் குட்டி ஓடியிருக்கிறது, நேராகக் கூட இல்லை, குறுக்கும் நெடுக்குமாக. எண்ணினேன், பெரியது ஆறு, குட்டி ஒன்று. உப்புமண் பள்ளத்தில் புதிதாகக் குத்திக் கிளறின மண் ஈரமாக இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீரணன் என் தோளைத் தொட்டு, அழுகிறீர்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

14-1-58. பொங்கல்

பன்னிரண்டு நாளில் ஐந்து முறை கடந்திருக்கின்றன. தேவாரத்துக்கு ஒரு முறையும் இல்லை. இரண்டு பானை பொங்கினோம்.

28-1-58

தேவாரத்தில் அறுப்பு முடிந்தது. நாலு பாத்தி போனது போனதுதான், அதற்குமேல் ஒரு கதிரும் போகவில்லை. கடைசி பத்து நாள் காவலுக்குப் போனவர்கள் பரணிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார்களாம், பெண்டாட்டிமார் வந்து எழுப்ப வேண்டியிருந்ததாம்.

17-2-58, திங்கள். போடி

உத்தரவு வந்துவிட்டது. கரடிப்பள்ளச் சோலை குத்தகைக்கு இல்லை. முன்னூற்று நாற்பது ஏக்கரும், உப்புமண் பள்ளமும், இரண்டுக்கும் நடுவில் தடம் போகிற ஐந்து சங்கிலி அகலமும் வனவிலங்குக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அகழியை எஸ்டேட் தூர்த்துவிட்டுத் தன் எல்லைக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். என் படத்தின் நகல் ஆறு மதராஸுக்குப் போகிறது, கருமந்தியும் இருவாச்சியும் நான் போட்ட குறிகளோடேயே. மிளாவை மட்டும் திருத்தி வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் ஏழு பேரையும் உட்காரவைத்து உத்தரவை வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறாள் சுருளியம்மாள். சரி என்றேன். இங்கிலீஷில் இருக்கிறது, நான் தமிழில் சொல்லுவேன், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன்.

3-3-58, திங்கள். கரடிப்பள்ளம்

எல்லைக்கல் நடுகிற வேலை. கல் நாற்பத்தெட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஆள் சுமை. எஸ்டேட்டில் கோவேறு கழுதைகளைக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கால் வலி வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அடிவாரத்தில் கல்லைக் குவித்துவிட்டு நானும் வீரணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டு மணிக்குத் தேவாரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முப்பது பேருக்கு மேல். பாதிப் பேர் முகம் தெரிந்தது, வீடு வீடாகத் தேதி கேட்டபோது பார்த்த முகங்கள். சோலையை வெட்டச் சொல்லிக் கைநாட்டு வைத்தவர்கள். முண்டாசைக் கட்டிக்கொண்டு கல்லைத் தூக்கினார்கள். பெரியகருப்பனின் தம்பி மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்குக் காவலாக இருந்தான்.

மதியத்துக்குள் கீழ் எல்லை வரை நட்டுவிட்டோம். அங்கே சோலை முடிந்து தேவாரத்து மேய்ச்சல் தரை தொடங்குகிறது. முப்பத்தொன்றாவது கல்லுக்கு நான் முளை காட்டினேன். பெரியகருப்பன் கல்லை இறக்காமல் நின்றார். கீழ்ச்சுனை எங்கே என்று கேட்டார். கல்லுக்கு இந்தப் பக்கம், உங்கள் மேய்ச்சல் தரையில் இருக்கிறது என்றேன். யானை அங்கேதானே குட்டிக்குத் தண்ணீர் காட்டும் என்றார். ஆமாம், ஆனால் அது ஊருக்குப் பாத்தியப்பட்ட இடம், நான் தொட முடியாது என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அதற்குப் பிறகு தோளில் கல்லோடு சரிவில் இறங்கி நடந்தார். சுனையைத் தாண்டி, தங்கள் மாடு மேய்கிற புல்லுக்குள் போய் நின்று, அங்கிருந்து கூப்பிட்டார்.

"சங்கிலியைப் போட்டுப் பாரு மாப்ளே. ரெண்டு சங்கிலி வரும். இங்கனயே நட்டுருவோம், கைநாட்டு எங்க வைக்கணும்னு காட்டு."

இரண்டு சங்கிலி நாலு கண்ணி வந்தது. முப்பத்தொன்றாவது கல்லை அங்கேயே நட்டோம்.